கலுங்குக்குக் கீழே

பள்ளத்தூர்
ஐப்பசி 3

அன்புள்ள சாத்தப்பா,

நலம். உன் நலமும் ஆச்சி நலமும் அறிய ஆவல். அமெரிக்காவில் மகள் வீட்டிலிருந்து திரும்பி மூன்று வாரமாகிறது. வந்த அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை என்னைக் கொலராடோ ஆற்றுக்குக் கூட்டிப்போனார். லோமா என்ற இடத்தில் ரப்பர் படகை இறக்கி வெஸ்ட்வாட்டர் வரை 25 மைல், துடுப்புப் போட்டே போனோம். கரையில் இரண்டு ராத்திரி கூடாரம். அதற்குக் கீழே வெஸ்ட்வாட்டர் பள்ளத்தாக்கு 17 மைல். இந்த 42 மைலில் ஆறு நிஜமாகக் கொந்தளிப்பது சுமார் மூன்று மைல் தூரம்தான். மற்ற இடமெல்லாம் ஊருணி மாதிரி கிடக்கிறது.

ஆனால் உடம்பை முறித்தது அந்த அமைதியான தண்ணீர்தான். மத்தியானத்துக்கு மேல் எதிர்க்காற்று கிளம்பிவிடும். பத்துத் தரம் துடுப்புப் போட்டால்தான் படகு நின்ற இடத்தில் நிற்கும். முதல் நாளே கட்டைவிரல் மடிப்பில் தோல் உரிந்தது. காலையில் காற்று இருக்காது. இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர், ஒரு பக்கம் கரையோரமாகவே ரயில் பாதை. ஒரு பெரிய நாரை எங்கள் படகுக்கு முன்னால் பறந்துபோய் உட்காரும், நெருங்கியதும் மறுபடி எழும்பும். அரை மைல் தூரம் அப்படியே வழி காட்டிக்கொண்டு வந்தது.

அங்கே ஒரு ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. அடுப்புச் சாம்பலைக்கூடத் தகரத் தட்டில் அள்ளி எடுத்துக்கொண்டு வரவேண்டும். மலத்தையும் அதற்கென்று உள்ள மூடிபோட்ட பெட்டியில் கட்டி எடுத்து வந்துவிட வேண்டும், கரையில் எதையும் விடக்கூடாது. திருவிழா முடிந்த மறுநாள் நம் ஊருணிக் கரை கிடக்கிற கிடையை நினைத்துக்கொண்டேன்.

உனக்கென்று ஒரு செய்தி. அங்கேயும் ஆற்றைக் கன அடியில்தான் சொல்கிறார்கள். நாங்கள் போன அன்றைக்கு விநாடிக்கு 4,000 கன அடி சொச்சம். மேட்டூரில் இருந்துகொண்டு டெல்டாவுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் திறந்துவிடுவதைப் பார்க்கிற உனக்கு இது பெரிதாகத் தெரியாது. பங்குச் சண்டையும் இருக்கிறது. மெட்ராஸும் மைசூரும் காவிரிக்கு ஒப்பந்தம் போட்டது 1924-இல் என்றால், ஏழு மாநிலங்கள் கொலராடோவைப் பங்கு போட்டது 1922-இல். அதற்கு முந்தைய சில வருஷங்கள் நல்ல தண்ணீர். அதை நம்பி ஆற்றில் வருவதைவிட அதிகமாக எழுதிவிட்டார்கள். இப்போது பெரும்பாலான வருஷம் அந்த ஆறு கடலுக்கே போய்ச் சேருவதில்லை. நம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு, கடலைப் பார்க்காத ஆறு என்றால் மனசு சங்கடப்படத்தான் செய்கிறது.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

மூன்றாம் நாள் காலை, பள்ளத்தாக்குக்குள் நுழைவதற்கு முன்னால், எங்களைக் கூட்டிப்போன கைடு எல்லாரையும் மணலில் உட்காரவைத்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். ஒரு குச்சியால் மணலில் ஆற்றை வரைந்தாள். தண்ணீர் ஏர்க்கொழு மாதிரி கூராகிக் கீழ்நோக்கி இறங்கினால் அதுதான் வழி, நடுவில் விடு. கூர் மேல்நோக்கித் திரும்பியிருந்தால் அந்த முனையில் பாறை இருக்கிறது, விலகு. படகு குலுங்கும்போது பயத்தில் துடுப்பைத் தூக்கிவிடாதே, தண்ணீருக்குள் இருக்கிற துடுப்புதான் உன்னைப் பிடித்துக்கொள்கிறது. விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் இரண்டும் ஆறு போகிற பக்கம்.

பிறகு ஒரு பாறையையும் அதன்மேல் ஏறி விழுகிற தண்ணீரையும் வரைந்தாள். விழுகிற தண்ணீர் நேராக அடிக்குப் போய்விடும். அது விட்டுப்போன இடத்தை நிரப்ப, மேல்தண்ணீர் பின்னால் திரும்பிப் பாறையை நோக்கியே வரும். அதில் மிதக்கிற எதுவும், ஆளானாலும் கட்டையானாலும், திரும்பத் திரும்ப விழுகிற இடத்துக்கே இழுபடும். நுரைத் தண்ணீரில் பாதி காற்றுதான், நீச்சல் தெரிந்தவனையும் தாங்காது. குச்சியால் அந்த வட்டத்தைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. மாப்பிள்ளையிடம் கேட்கச் சொன்னேன்: பாறையாக இல்லாமல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கட்டின சுவராக இருந்தால்? அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். அது இதைவிட மோசம் என்றாள். பாறைக்காவது ஓரம் உண்டு, நழுவி வெளியே வரலாம். சுவருக்கு ஓரமே கிடையாது. பார்க்கச் சின்னதாக, அழகாக இருக்கும். காப்பாற்றக் குதிக்கிறவரும் சேர்ந்து போய்விடுவார். அதனால் யாரும் குதிக்கக்கூடாது, கரையில் இருந்தபடி கயிறு வீச வேண்டும்.

சாத்தப்பா, 77 புயல் வருஷம். நம்ம கண்மாய் நிரம்பி மறுகால் போன அன்றைக்கு நாம் இரண்டு பேரும் உபரித் தண்ணீர் வழிந்து விழுகிற கலுங்குச் சுவருக்குப் போனோம். தண்ணீர் விழுகிற இடம் நாலரை அடி உயரம்கூட இருக்காது. நான் கால் வழுக்கிக் கீழே விழுந்தேன். மூன்று தரம் மேலே வந்தேன். மூன்று தரமும் எதிரே கலுங்குக் கல்தான் தெரிந்தது. எவ்வளவு நீந்தியும் அந்தக் கல்லை விட்டு விலக முடியவில்லை. நீ கரைச் சுவரில் குப்புறப் படுத்து, இடுப்பில் இருந்த நாலு முழ வேட்டியை அவிழ்த்து முனையை வீசினாய். இரண்டாம் தடவை என் கையில் அகப்பட்டது. அந்த ஈர வேட்டி முறுக்கிக்கொண்டு என் மணிக்கட்டை அறுத்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஊரில் என்ன பேசினார்கள் என்பது உனக்குத் தெரியும். கூட இருந்தவன் குதிக்காமல் வேட்டியை வீசிக்கொண்டு இருந்தானாம் என்று. நீ யாருக்கும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்: நீ ஏன் குதிக்கவில்லை என்று எனக்கும் உள்ளே ஒரு குறை இருந்தது. சிநேகிதத்தில் அதைக் காட்டியதில்லை. ஆனால் இருந்தது, இத்தனை வருஷமும். பதினைந்து வயதில் உனக்கு அது எப்படித் தெரிந்தது? நீ குதித்திருந்தால் இரண்டு வீட்டிலும் அன்றைக்கு இழவு விழுந்திருக்கும். என்னை மன்னித்துவிடு.

பள்ளத்தாக்கைப் பற்றி அதிகம் எழுத இல்லை. அங்கே பாறை கறுப்பு, வயது 170 கோடி ஆண்டாம், எண்ணெய் தேய்த்த அம்மி மாதிரி மின்னுகிறது. காலையில் அகலமாகத் தூங்கிக்கொண்டிருந்த அதே நாலாயிரம் கன அடிதான் அந்த இடுக்குக்குள் நுழைந்ததும் ஆளைத் தூக்கிப் போடுகிறது. ஸ்கல் என்று ஒரு பாய்ச்சல், மண்டையோடு என்று அர்த்தம். அதன் நடுவில் அவள் வரைந்த வட்டம் நிஜமாகவே சுழன்றுகொண்டிருந்தது, வெள்ளையாக, ஒரு வீட்டு முற்றம் அகலத்துக்கு. ஓரமாக ஒதுங்கிக் கடந்தோம். எல்லாரும் கத்தினார்கள். நான் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஊர் வந்ததும் முதலில் கலுங்கைத்தான் போய்ப் பார்த்தேன். சுவர் அப்படியேதான் இருக்கிறது. கண்மாயில் இப்போது முக்கால் தண்ணீர். ஐப்பசி மழை பிடித்தால் கார்த்திகைக்குள் மறுகால் போகும், பையன்கள் குளிக்க வருவார்கள். பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசிவிட்டேன். கரைக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி அடித்து, முப்பது முப்பது அடி நைலான் கயிறு மாட்டிவைக்கச் சம்மதித்தார். கயிறு என் செலவு. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பையன்களுக்கு அந்த வட்டத்தை வரைந்து காட்டவும் தலைமையாசிரியர் நேரம் கொடுத்திருக்கிறார், வருகிற 15-ஆம் தேதி.

நான் வரைந்து காட்டுவேன். வீசுவதை நீ வந்து சொல்லிக்கொடு. காரைக்குடி ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புகிறேன், ஆச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

உன்
அண்ணாமலை