பாதி வழியில வண்டியில ஏறுனா நன்கொடை செல்லாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு சைக்கிள் பயணத்தோட படம் வந்திருந்துச்சு. ஏதோ நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுறாங்க, ஒருத்தர் கொடியசைக்கிறாரு, பின்னாடி எல்லாரும் புது டீசர்ட்ல கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி சிரிக்கிறாங்க. குறை சொல்ல வரலை, நல்ல படம்தான். ஆனா அதே மாதிரி நோயாளிகளுக்கு நிதி திரட்டுற ஆறு நாள் சைக்கிள் பயணம் ஒண்ணு போயிட்டு வந்தவன்ங்கிற முறையில சொல்றேன், முதல் நாள் காலைல எல்லாருமே அப்படித்தான் சிரிப்போம், மூணாம் நாள் மத்தியானம் ஒரு போட்டோகிராபரை அனுப்பிப் பாருங்க.

அந்த மூணாம் நாள் பத்தித்தான் எழுதணும்னு உக்காந்தேன்.

முதல் நாள் உற்சாகத்துலயே ஓடிரும், ரெண்டாம் நாள் வலி எங்கெங்கன்னு கணக்கு எடுக்கிறதுலயே போயிரும். மூணாம் நாள்தான் உடம்பு நிஜமாவே பேச ஆரம்பிக்கும். சீட்டுல உக்கார்ற எடத்துல தோல் உரிஞ்சு எரியுது (சைக்கிள் ஓட்டுறதுக்குன்னு விக்கிற பஞ்சு வச்ச ட்ரவுசருக்குள்ள ஜட்டி போடக்கூடாதுன்னு எனக்கு ரெண்டாம் நாள் ராத்திரிதான் ஒருத்தர் சொன்னாரு, இதெல்லாம் யாருங்க முன்னாடியே சொல்றா?), சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருது, ஹேண்டில்ல உள்ளங்கையை ஒரே மாதிரி அழுத்திட்டே வந்தா அங்க ஓடுற நரம்பு நசுங்குதாம். கால் தசையில சேத்து வச்ச சர்க்கரை ராத்திரி சாப்பாட்டுல முழுசா திரும்பியிருக்காது. கடுமையா மிதிச்சா அந்த இருப்பு ரெண்டு மணி நேரம் வந்தாலே பெருசு, அப்புறம் மணிக்கு 30லேருந்து 60 கிராம் வரைக்கும் மாவுச்சத்தோ சர்க்கரையோ வாயில போட்டுக்கிட்டே இருக்கணும். பசிச்சா சாப்பிடலாம்னு இருந்தோம்னா முடிஞ்சுது கதை, பசி தெரியுறப்ப கால் ஏற்கனவே செத்திருக்கும். வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே போறதும் ஆபத்து, வேர்வையில உப்பு போயிட்டே இருக்கு, ரத்தத்துல சோடியம் கொறைஞ்சு தலை சுத்தி விழுந்தவங்க உண்டு.

அன்னைக்கு எதிர்காத்து வேற. மேட்டுக்காவது ஒரு முடிவு இருக்கு, ஏறிட்டா எறக்கம் வரும். எதிர்காத்துக்கு அதெல்லாம் கிடையாது. காத்தோட எதிர்ப்பு வேகம் கூடக் கூட அதே அளவுல கூடாது, ரெண்டு மடங்கு வேகத்துக்கு நாலு மடங்கு எதிர்ப்பு. அதனாலதான் ஒருத்தர் பின்சக்கரத்துக்குப் பின்னாடி இன்னொருத்தர் ஒட்டிக்கிட்டு வரிசையா போவாங்க, ஒழுங்கா ஒட்டிக்கிட்டா கால்வாசி, சில சமயம் மூணுல ஒரு பங்கு பலம் மிச்சம். முன்னாடி போறவர் ஒரு ரெண்டு நிமிஷம் காத்தை வாங்கிட்டு ஒதுங்கி கடைசிக்குப் போவாரு, அடுத்தவர் முன்னாடி வருவாரு, குழி வந்தா கையை நீட்டிக் காட்டணும், நிறுத்துறதுன்னா கத்தணும், திடீர்னு பிரேக் மட்டும் பிடிக்கவே கூடாது. முன்பின் தெரியாத ஏழெட்டு பேர் ஒரு பேச்சுமில்லாம அப்படி மாத்தி மாத்தி காத்து வாங்கிக்கிட்டு போனோம் பாருங்க, ஒரு மணி நேரம் இருக்கும், அந்த ஆறு நாள்ல எனக்குப் பிடிச்சதே அதுதான்.

அப்புறம்தான் முட்டி. வலது முட்டிக்கு முன்பக்கம் ஊசி குத்துற மாதிரி ஆரம்பிச்சு, ஒவ்வொரு மிதிக்கும் கூடிக்கிட்டே வந்துச்சு. நான் வயசாயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டே மிதிச்சேன். வழியில நின்னு ஓய்வெடுக்குற எடத்துல உதவிக்கு வந்த மெக்கானிக் தம்பி என்னை ஏறிட்டுக்கூட பாக்கலை, வண்டியைப் பாத்துட்டு "அண்ணே, சீட் எறங்கியிருக்கு"ன்னாரு. இறுக்குற கிளாம்ப் லூசாகி ரெண்டு நாளா கொஞ்சம் கொஞ்சமா கீழ போயிருக்கு, மொத்தம் ரெண்டு விரல் அகலம். சீட் தாழ்ந்தா முட்டி முன்பக்கம் வலிக்கும், ரொம்ப உசந்தா பின்பக்கம் வலிக்கும், சைக்கிள் கடையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களாம். சரியான உயரத்துல நிறுத்தி கம்பியைச் சுத்தி ஒரு டேப் ஒட்டிவிட்டாரு, இனிமே எறங்குனா கண்ணுல பட்டுரும். ஆனா முட்டி ஏற்கனவே வீங்கிருச்சு. அன்னைக்கு தூரம் 110 கிலோமீட்டர், 88ல பின்னாடி வர்ற வேன்ல ஏறிட்டேன்.

வேனுக்குள்ள என்னைத் தவிர ரெண்டு பேர், யாரும் யார் மூஞ்சியையும் பாக்கலை. ஒரு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுக்கிட்டே வந்தாங்க. டிரைவர் மட்டும், அவரும் சம்பளம் வாங்காம வந்தவர்தான், "இந்த வண்டி காலியா வந்தா நான் எதுக்கு லீவு போட்டுட்டு வந்தேன்"னு சொல்லி சிரிச்சாரு. மறுநாள் காலைல முட்டி தாங்குச்சு, மெதுவா ஓட்டினேன், கடைசி நாள் வரைக்கும் ஓட்டி முடிச்சேன்.

ஊர் திரும்புன பிறகு, நான் ஓட்டுறேன்னு அந்த நிதிக்கு நன்கொடை கொடுத்தவர் ஒருத்தர் போன் பண்ணாரு. மொத்த தூரத்தையும் ஓட்டினேனான்னு கேட்டாரு. இருந்ததைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "அப்ப நான் கொடுத்தது?"ன்னாரு. விளையாட்டுக்குத்தான் கேக்குறாருன்னு நெனச்சேன், இல்லை. நான் ஓட்டாத 22 கிலோமீட்டருக்கு அவர் காசு வீணாப்போச்சாம்! சார், நான் என்ன டாக்ஸியா, மீட்டர் போட்டு ஓட்ட?

அவர் கேக்க வேண்டிய கேள்வி வேற. திரட்டுன காசுல எவ்வளவு நோயாளிகளுக்குப் போச்சு, எவ்வளவு டெண்ட்டுக்கும் சாப்பாட்டுக்கும் லாரி வாடகைக்கும் போச்சுன்னு கேட்டிருந்தா நான் சந்தோஷமா பதில் சொல்லியிருப்பேன். பல நாள் பயணத்துக்கு செலவு சும்மா இல்லைங்க. அமெரிக்காவுல 1994ல சான்பிரான்சிஸ்கோலேருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக 7 நாள் பயணம் ஆரம்பிச்சாங்க, பெரிய கூட்டம், பெரிய தொகை, ஆனா நடத்துற செலவு பத்தி சண்டையும் வந்து, அந்த ரெண்டு ஊர்லயும் நோயாளிகளைக் கவனிக்கிற அமைப்புகளே 2002லேருந்து தனியா நடத்துனாங்க. அதுவும் செலவு ஏறிப்போய், வர்ற ஆளும் கொறைஞ்சு, 2025ஓட நின்னுருச்சு. இன்னொரு பக்கம், மாசசூசெட்ஸ்ல 1980ல 36 பேரோட ஆரம்பிச்ச பான் மாஸ் சேலஞ்ச்னு ஒண்ணு இன்னும் நடக்குது, ஓட்டுறவங்க திரட்டுற காசு முழுசும் டானா ஃபார்பர் கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போயிருது, நடத்துற செலவை பதிவுக் கட்டணத்துலயும் ஸ்பான்சர் காசுலயும் பாத்துக்குறாங்க. ரெண்டுலயும் ஓட்டுனவங்க ஒரே மாதிரிதான் மிதிச்சிருப்பாங்க, முட்டியும் ஒரே மாதிரிதான் வலிச்சிருக்கும்.

அதனால ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கொடியசைக்கிற படத்தை தாராளமா போடுங்க, கூடவே பயணம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு அவங்ககிட்ட கணக்கைக் கேட்டு வாங்கி, வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, போய்ச் சேந்தது எவ்வளவுன்னு மூணே மூணு வரி போடுங்க. எடம் இருந்தா அந்த வேன் டிரைவர் படத்தையும்.

அடுத்த தடவையும் போறேன். சீட் கம்பியில அந்த டேப் இன்னும் அப்படியேதான் இருக்கு.

இப்படிக்கு,
88வது கிலோமீட்டர்ல வேன் ஏறுன வாசகன்