மேடிசனிலிருந்து மாமாவுக்கு

மேடிசன், விஸ்கான்சின்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே மெண்டோட்டா ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. ஆட்கள் அதன்மேல் நடந்து போய், ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள்.

"கேன்சர் சென்டர்னா ஆஸ்பத்திரியா?" என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் மெக்ஆர்டில் ஆய்வகத்துக்கு நோயாளி யாரும் வருவதில்லை. புற்றுநோயில் இறந்த மைக்கேல் மெக்ஆர்டில் என்ற வக்கீல் எழுதி வைத்துவிட்டுப் போன பணத்தில், 1940-இல் ஹரால்ட் ரஷ் தலைமையில் தொடங்கிய இடம் இது. கோழிப் புற்று வைரஸை வைத்து, ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. எழுத முடியும் என்று காட்டி 1975-இல் நோபல் பரிசு வாங்கிய ஹோவர்ட் டெமின் இங்கே இருந்தவர்தான்.

உங்கள் மருந்துக் கடை அலமாரிக்கு நெருக்கமானவர் சார்ல்ஸ் ஹைடல்பெர்கர். எலியின் ஈரல் கட்டிகள், ஆர்.என்.ஏ.வின் ஒரு கட்டுமானப் பொருளான யுராசிலை அதிகமாக இழுத்துக்கொள்வது அப்போது தெரிந்திருந்தது. அந்த யுராசிலில் ஐந்தாம் இடத்து ஹைட்ரஜனுக்குப் பதில் ஃப்ளோரினை வைத்தால் என்ன என்று யோசித்தார். 1957-இல் வந்த 5-எஃப்யூ என்ற புற்றுநோய் மருந்து அதுதான். செல்லுக்கு வித்தியாசம் தெரியாது, உள்ளே எடுத்துக்கொள்ளும். தைமின் தயாரிக்கும் என்சைம் அந்த ஐந்தாம் இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். ஃப்ளோரின் கழன்று வராததால் என்சைம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். தைமின் இல்லாமல் டி.என்.ஏ. பெருகாது.

இதை இன்றைக்குச் சோதிப்பது எப்படி என்றால், 96 குழித் தட்டில் செல்களை ஊற்றி 37 டிகிரி சூட்டில், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வைக்கிறோம். மறுநாள் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் போட்டு, 72 மணி நேரம் கழித்து எத்தனை பிழைத்தன என்று சாயம் வைத்து அளக்கிறோம். கேட்கச் சுலபம்தான். ஓரத்துக் குழிகளில் நீர் ஆவியாகி மருந்து கெட்டியாகிவிடும். அதனால் அந்த 36-இலும் வெறும் திரவம், மீதி 60-இல்தான் சோதனை.

இதைவிடப் பெரிய வம்பு சீரத்தில் இருக்கிறது. செல்கள் வளர அவற்றுக்குப் போடும் கன்றுக்குட்டி சீரத்தில் (ரத்தத்திலிருந்து எடுத்த தெளிந்த நீர்) கொஞ்சம் தைமிடின், அதாவது தைமினின் தயார் வடிவம், இருக்கும். நாம் ஒரு வாசலை அடைக்க, செல் அந்தத் தைமிடினை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பிழைத்துவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்று தப்பாக எழுதிவிடுவோம். டயாலிசிஸ் செய்து சிறு மூலக்கூறுகளை நீக்கிய சீரம்தான் இதற்குச் சரி, விலை அதிகமானாலும்.

மைக்கோபிளாஸ்மா கிருமி புகுந்தால் இன்னும் மோசம். செல்கள் வளரும் திரவம் கலங்காது, கண்ணுக்குத் தெரியாது. செல்சுவர் இல்லாததால் பென்சிலினுக்கும் மசியாது. இந்த வகை மருந்துகள் சிலவற்றைத் தானே உடைத்தும் விடும். அதற்கென்று தனியாக பி.சி.ஆர். பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. கேபசிடபின் என்ற புற்றுநோய் மாத்திரை உடம்புக்குள் போய் 5-எஃப்யூவாகத்தான் மாறுகிறது. அதை ஈரலில் உடைக்கும் டி.பி.டி. என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு வழக்கமான அளவே விஷமாகிவிடும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் முதல் சுற்றிலேயே வாய்ப்புண், நிற்காத பேதி, காய்ச்சல் என்று வந்தால், பேதியை நிறுத்தும் லோபெரமைடு கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மாத்திரையை நிறுத்தி வைத்து அன்றைக்கே புற்றுநோய் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் மருமகள்