செயலாளரின் ஆண்டறிக்கை: பட்டறைப் பதிவேடு பற்றிக் கொஞ்சம் விரிவாக

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டம் பத்து முறை கூடியது. இரண்டு மாதம் போதிய ஆள் சேரவில்லை. சால்டரிங் பயிற்சி ஒரு நாள் நடந்தது. பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்க்கும் முகாம் இரண்டு முறை நடந்தது. நூலகத்துக்கு மூன்று புத்தகங்கள் வந்தன.

இனி பட்டறைப் பதிவேடு: ஆடியோ கருவிகளைக் கையால் செய்யும் குடும்பங்களின் வேலைமுறையை எழுதி வைக்கும் நம் முயற்சி. "குடும்பப் பட்டறைகளுக்குப் போய் உட்கார்ந்து குறிப்பெடுக்கச் சங்கப் பணம் எதற்கு?" என்று அரையாண்டுக் கூட்டத்தில் கேட்டார்கள். அன்று நேரம் போதவில்லை. இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் போனது வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயருக்கு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது வால்வை ஸ்பீக்கரோடு இணைக்கும் கம்பிச்சுருள், சுற்றும் பட்டறை. அப்பா சுற்றுகிறார், மகள் அளக்கிறார், அம்மா ஒவ்வொன்றின் எண்ணையும் அளவையும் நோட்டில் ஏற்றுகிறார். வால்வுப் பக்கச் சுருளான பிரைமரியை ஒரே கட்டாகச் சுற்றினால் உச்ச சுருதிகள் மங்கிப்போகும். அதனால் அதைப் பல பகுதிகளாகப் பிரித்து, நடுநடுவே ஸ்பீக்கர் பக்கச் சுருளான செகண்டரியைச் சுற்றுகிறார்கள். பகுதிகள் கூடினால் அடுக்குகளுக்கு இடையே கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கம்) ஏறிவிடும், அதுவும் உச்ச சுருதிகளைக் கெடுக்கும். எங்கே நிறுத்துவது என்பது அனுபவம். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் பிரைமரி வழியாக நேர்மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். இரும்புத் தகடுகளுக்கு நடுவே சிறு இடைவெளி விடாவிட்டால் இரும்பு காந்தத்தால் நிரம்பி, தாழ்ந்த சுருதி குலைந்துவிடும். அந்த இடைவெளிக்கு வைக்கும் காகிதத்தின் தடிமனும் நோட்டில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை!

இன்னொரு பட்டறையில் ஸ்பீக்கர் செய்கிறார்கள். ஒரே வகை, ஒரே பெட்டியில் வந்த டிரைவர்கள்கூட (ஸ்பீக்கருக்குள் ஒலி எழுப்பும் பாகங்கள்) ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் அளந்து, நெருக்கமானவற்றை ஜோடி சேர்க்கிறார்கள். பிறகு தாங்கள் பத்திரமாக வைத்திருக்கும் மூல ஜோடியோடு ஒப்பிட்டுக் கேட்டு, சுருதிகளை டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில் ரெசிஸ்டரை மாற்றி மட்டம் சரிசெய்கிறார்கள். பல ஆண்டு கழித்து உச்ச சுருதிக்கான டிரைவரான ட்வீட்டர் ஒன்று எரிந்து வந்தாலும், பெட்டியின் எண்ணைப் பார்த்து அதற்கு ஒத்ததைப் பொருத்திக் கொடுக்கிறார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் கருத்து ஒத்துப்போகும்வரை ஜோடி வெளியே போகாது. இதற்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போனேன்.

இது ஏதோ மூலையில் நடக்கும் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1932-இல் கில்பர்ட் பிரிக்ஸ் வார்ஃபேடேல் ஸ்பீக்கர்களைத் தொடங்கியது இங்கிலாந்தில் தன் வீட்டு நிலவறையில். ஸ்பெண்டார் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரே ஸ்பென்சர் ஹியூஸ், அவர் மனைவி டோரதி இருவர் பெயரையும் சேர்த்தது. அவர்கள் மகன் டெரெக்கும் ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்தான். கடிகார வேலை தெரிந்த ஜோசஃப் கிராடோ 1953-இல் புரூக்ளினில் சமையலறை மேசையில் ஃபோனோ கார்ட்ரிட்ஜ் (இசைத்தட்டைப் படிக்கும் ஊசி பொருந்திய பாகம்) செய்ய ஆரம்பித்தார். பின்னால் குடும்பத்தின் பழக்கடை இருந்த கட்டடமே பட்டறை ஆயிற்று; சகோதரர் மகன் ஜான் அதைத் தொடர்ந்தார். கிராடோ வீட்டில் கைப்பழக்கம் குடும்பத்துக்குள்ளேயே கைமாறி நிலைத்தது. கைமாற ஆள் இல்லாத பட்டறையில் என்ன ஆகும்? அந்த நோட்டு பழைய காகிதத்தோடு போய்விடும்.

வருத்தத்தையும் சொல்ல வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் பட்டறையில் அப்பாவும் மகளும் ஒரு நாள் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு நமக்குச் செய்து காட்டினார்கள். வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் 19 பேர், வந்தவர்கள் 4 பேர். காலியான நாற்காலிகளைப் பார்த்து அந்தப் பெரியவர், "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சந்தா பாக்கி வைத்திருப்போர் பாதிக்கு மேல். நினைவூட்டி மூன்று முறை எழுதினேன். சங்கத்தின் அளவீட்டு மைக்கைக் கொண்டுபோன உறுப்பினர் தயவுசெய்து திருப்பித் தர வேண்டும். அது இல்லாமல் இரண்டு அளவீடுகள் நின்றுபோயின.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். பயணச் செலவில் ஒரு பகுதியை நானே ஏற்றுக்கொண்டேன். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், இடம் கொடுத்தவர்களுக்கும், பட்டறைக் குடும்பங்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி: டிரான்ஸ்ஃபார்மர் பட்டறைப் பெரியவர் தன் நோட்டுகள் அனைத்தையும் நகலெடுக்கச் சம்மதித்திருக்கிறார். ஆனால் நோட்டு பட்டறையை விட்டு வெளியே போகாது. அங்கேயே உட்கார்ந்துதான் எழுத வேண்டும். பல பக்கங்களில் அவர் போட்டிருக்கும் குறிகள் அவருக்கு மட்டுமே புரியும், பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். என் ஒருவனால் முடியாது. வாரம் ஒரு நாள் வர இரண்டு பேர் கிடைத்தால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம். கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கத்து மேசையில் இருப்பேன், பெயர் எழுதத் தாள் வைத்திருக்கிறேன்.

செயலாளர்