கூரை பிரிக்க முன்னம்

வவுனியா
மாசி மாதம்

அன்பின் நண்பருக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. காலபோக வெட்டு முடிந்து நெல்லும் வீடு வந்து சேர்ந்ததை அறிந்து சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். உயிர்ப்பு ஞாயிறு முடிந்த கையோடு உங்கள் கோயில் கூரையைப் பிரிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னம் உள்பகுதிகளைப் படம் எடுத்துத் தரும்படி பங்குச் சுவாமி கேட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர். அந்தப் பக்கத்தை மட்டும் மூன்று தரம் வாசித்தேன். தயங்காமல் ஒப்புக்கொள்ளும்.

போருக்குப் பிறகு திருத்திய கோயில்களின் முகப்பைப் பார்த்து ஒன்றும் அறிய ஏலாது. புதுச் சீமெந்தும் பெயின்றும் எல்லாவற்றையும் மூடிவிட்டன. பழைய கைவேலை மிஞ்சியிருப்பது சீலிங்குக்கு மேலே, மணிக்கோபுரத்துக்குள்ளே, பீடத்தின் முதுகுப்பக்கத்தில். மடு மாதா கோயிலையே உதாரணமாக எடும். ஆயர் பொன்ஜீன் ஆண்டகை 1872இல் தொடக்கின கோயில் 1944இல்தான் அபிஷேகம் ஆனது. இடையில் 72 வருஷம். எத்தனை மேசன், எத்தனை தச்சர் கை மாறியிருக்கும்! எந்த வேலை யாருடைய காலத்தது என்பதைப் பூசாத சுவரும் சீவாத மரமும்தான் சொல்லும். அதனால் உம்முடைய படங்களை அழகுக்காக எடுக்க வேண்டாம். நாளைக்கு ஒரு தச்சர் பார்த்தால் எந்த மரம் எதில் பொருந்தி நின்றது என்று விளங்க வேண்டும். அப்படி எடும்.

முதலில் சீலிங்குக்கு மேலே ஏறும். ஆபத்தும் அங்கேதான் கூட. சீலிங் பலகை ஆள் பாரம் தாங்காது. அதைப் பிடித்திருக்கிற சட்டங்களிலும் தீராந்தி என்ற குறுக்கு உத்தரங்களிலும் மட்டும் காலை வையும். அவற்றையும் மிதிக்க முன்னம் தட்டிப் பாரும். கறையான் தின்ற மரம் பொத்தல் சத்தம் போடும். ஓரடி அகலம், ஆறடி நீளம், ஒரு அங்குலத் தடிப்பில் இரண்டு பலகை கொண்டுபோம். ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று சட்டத்தில் படும்படி போட்டு, ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை முன்னுக்குத் தள்ளலாம். முக்காலியின் கால்கள் நீர் நிற்கிற பலகையில் படவே கூடாது. அவை தீராந்தியில் நிற்கட்டும். அப்படி நின்றாலும் நீர் அசைந்தால் மரமும் அசையும். ஆனபடியால் இரண்டு விநாடி டைமரை நம்ப வேண்டாம், பத்து விநாடி வைத்துவிட்டுச் சிலை மாதிரி நில்லும். லென்ஸில் அசைவு தடுக்கிற வசதி இருந்தால் முக்காலியில் வைத்ததும் அதை நிறுத்திவிடும். சில லென்ஸ்களில் அதுவே படத்தைக் கலக்கும்.

ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸின் துவாரம் எஃப் 8. அதற்கு மேல் எஃப் 16, 22 என்று துவாரத்தை ஒடுக்கினால் கூர்மை குறையும். உள்ளே கும்மிருட்டு, ஓட்டு இடுக்கில் மட்டும் சுள்ளென்ற வெயில். ஒரு படத்தில் இரண்டும் அடங்காது. அரை விநாடி, 2, 8, 30 என்று நாலு படம் எடுத்து, பிறகு கணினியில் சேர்த்து ஒன்றாக்கும். நாலுக்கும் ஃபோக்கஸ் ஒன்றாக இருக்க வேண்டும். ஓடு தாங்குகிற சரிந்த கைமரம் ஒன்றில் ரோர்ச் அடித்து, கையால் ஃபோக்கஸ் பண்ணி, வளையத்தின் மேல் சின்னத் துண்டு டேப் ஒட்டிவிடும். கமராவில் பூட்டின ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நீர் கிளப்பின தூசி அந்த வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளைப் பொட்டாகப் படம் முழுக்க நிற்கும். வெளிச்சம் எப்போதும் பக்கத்திலிருந்து வரட்டும், ஏறி நின்று கால் மணித்தியாலம் தூசி அடங்கவும் விடும்.

ரோர்ச்சை மரத்தோடு ஏறக்குறைய ஒட்டினாற்போல் சரித்துப் பிடித்துப் பாரும். நேரே அடித்தபோது வெறும் பழுப்பாகத் தெரிந்த பாலை மரத்தில் கோடுகள் எழும்பி வரும். சின்னச் சின்னக் குழியாக, மீன் செதில் போலத் தெரிந்தால் வாய்ச்சியால் செதுக்கியது. ஒழுங்கில்லாத நேர்கோடுகள் என்றால் ஆட்கள் நின்று இழுத்த கைவாள். ஒரே அளவான வளைகோடுகள் என்றால் வட்டவாள் பூட்டின ஆலையில் அறுத்தது. ஆணியையும் விடாதேயும். சதுரத் தண்டு ஆணி பழையது, உருண்டைக் கம்பி ஆணி பின்னால் வந்தது. ஒரே கைமரத்தில் இரண்டும் கலந்து கிடந்தால் அந்த இடத்தில் ஒரு திருத்தம் நடந்திருக்கிறது. பொருத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று படம் போதும்: தூரத்தில் ஒன்று, கிட்ட ஒன்று, 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தோடு ஒன்று. லென்ஸ் 24 மில்லிமீற்றரில் இருக்கட்டும். பின்வாங்க இடமில்லாவிட்டால் மட்டும் 16க்குப் போம். அதில் ஓரத்து மரங்கள் இழுபட்டு, அளவு பொய் சொல்லும்.

காலைப் பூசை முடிந்து ஏழு மணிக்கு ஏறினால் பத்துக்குள் இறங்கிவிடும். பிறகு ஓட்டுச் சூடு ஆளையே மயக்கும். ஏசி போட்ட வாகனத்தில் கமராவைக் கொண்டுபோனால் பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியே வையும், இல்லாவிட்டால் லென்ஸ் வேர்த்துவிடும். வௌவால் எச்சத்தை லேசாக எண்ண வேண்டாம். காய்ந்த எச்சத்தில் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் கொடுக்கிற பூஞ்சணம் வளரக்கூடும். துணிக்கட்டு போதாது, என்95 முகக்கவசம் போடும். கூட்டவே கூடாது.

மணிக்கோபுரத்தில் ஏறுகிற நாளைக் கோயில் மூப்பரிடம் முதலே சொல்லிவிடும். மணிக் கயிற்றை மேலே இழுத்துக் கட்டி, மணியின் நாக்கைத் துணி சுற்றிப் பிணைத்த பிறகுதான் மணிக்குக் கிட்டப் போக வேண்டும். மத்தியான மூவேளைச் செபத்துக்கு யாராவது பழக்கதோஷத்தில் கயிற்றை இழுத்தால் காது போகும், கைவிரலும் போகும். கடற்கரைப் பக்கக் கோயில்களில் இரும்புப் படிகள் உப்புக் காற்றில் உள்ளுக்குள்ளே உக்கிக் கிடக்கும். ஒவ்வொரு படியையும் சுத்தியலால் தட்டிப் பார்த்து ஏறும். குளவிக்கூடு கண்டால் ரோர்ச் அடிக்காமல் இறங்கிவிடும்.

மணியின் எழுத்துகள் தெரிய வேண்டும் என்று சோக்கோ மாவோ பூச வேண்டாம். அது வெண்கலத்தின் களிம்பில் ஏறினால் போகாது. அங்கேயும் சரித்த வெளிச்சம்தான். மணியைச் சுற்றி எட்டுப் படம், ஒவ்வொன்றும் முந்தியதில் மூன்றில் ஒரு பங்கை மூட வேண்டும். லத்தீன் எழுத்தில் யூ வரவேண்டிய இடத்தில் வீ நிற்கும், வருஷம் ரோம இலக்கத்தில் இருக்கலாம். வாயின் விட்டத்தையும் அளந்து எழுதும்.

பீடத்தின் முதுகுப்பக்கம் ஒன்றரை அடி இடுக்கென்றால் பெரிய கமரா நுழையாது. கைத்தொலைபேசியின் அகல லென்ஸை ஒரு தடியில் கட்டி, மேலிருந்து கீழாக வரிசையாக எடும். பாதிக்கு மேல் ஒன்றையொன்று மூடட்டும். தச்சர் பென்சிலால் போட்ட இலக்கங்கள், சொரூபக் கூட்டைப் பிணைத்த கம்பி, கறையான் ஏறின தடம் எல்லாம் அங்கேதான் இருக்கும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதையும் எடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு வெளியே சீமெந்து பூசினால் ஈரம் வெளிப்பக்கம் போக வழியின்றி உள்ளே வந்து காயும், உப்பு அங்கே தங்கிவிடும். கூரை வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் படத்தைக் கட்டாயம் காட்டும்.

நற்கருணைப் பேழையைத் திறந்து படம் எடுக்கக் கேளாதேயும். அருளிக்கம் என்ற புனிதரின் திருப்பண்டம் வைத்த பீடக்கல்லை வெளியிலிருந்து எடுத்தால் போதும். ஞானஸ்நானப் பதிவேடு கண்ணில் பட்டால் மூடி வையும், அது ஆட்களின் சொந்த விஷயம். வெள்ளிப் பாத்திரங்களின் படத்தை முகநூலில் போட வேண்டாம், கள்ளருக்கு வழி காட்டினதாகும். வளவின் மூலையில், பாழடைந்த பழைய கட்டடத்துக்குள் இனந்தெரியாத இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல் வந்த வழியே திரும்பிப் பொலிசுக்குச் சொல்லும். முல்லைத்தீவுப் பக்கம் வெடிக்காத குண்டு இன்னும் வெறும் பேச்சல்ல.

படத்துக்குப் பெயர் வைக்கிறபோது வடக்கு, தெற்கு என்று எழுதினால் பிறகு குழம்பும். வாசலில் நின்று பீடத்தைப் பார்க்க வலம், இடம் என்று எழுதும். கைமரங்களை வாசலிலிருந்து எண்ணும். கமராவின் திகதி பற்றரி மாற்றியதும் பழைய வருஷத்துக்குப் போயிருக்கும், பார்த்துத் திருத்தும். கமரா பதிந்தபடியே இருக்கிற றோ கோப்புகளை இரண்டு வன்தட்டில் ஏற்றி ஒன்றைப் பங்குப் பணிமனையில் கொடும். மற்றது ஆயர் இல்லத்துக்கு: வவுனியா, மன்னார் என்றால் மன்னாருக்கு, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்றால் யாழ்ப்பாணத்துக்கு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பும்.

மணியின் எட்டுப் படத்தையும் முதலில் எனக்கு அனுப்பும். எழுத்துகளைக் கூட்டி வாசித்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லும்.

அன்புடன்,
உம்முடைய பழைய கூட்டாளி