புது கார் வாங்க சொன்ன சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

நீங்க, சித்தி, ஆயா எல்லாரும் சௌக்கியமா. நான் நல்லா இருக்கேன், கார் தான் நல்லா இல்ல. பொங்கல் அன்னைக்கு வீடியோ கால்ல நீங்க கேட்டதுக்கு அந்த சத்தத்துல ஒழுங்கா பதில் சொல்ல முடியல. "பவுண்டுல சம்பாதிக்கிற, எதுக்கு பாப்பா அந்த ஓட்ட வண்டிய கட்டிட்டு அழுவுற, புதுசா ஒண்ணு எடுத்துடு"ன்னீங்க. ஃபோன்ல சொன்னா பாதியிலயே நீங்க பேச ஆரம்பிச்சிடுவீங்க, அதான் எழுதுறேன். ஸ்டாண்டுல சவாரி இல்லாத நேரமா பாத்து படிங்க.

நான் இருக்குறது ஆக்ஸ்ஃபோர்டுலேருந்து தள்ளி ஒரு கிராமம்னு தெரியும்ல. வேலை வயசானவங்க வீட்டுக்கு வீடு போயி குளிப்பாட்டி விட்டு மாத்திரை குடுத்து டீ போட்டு குடுக்குறது. காலைல ஏழு மணிக்கு மொத வீடு, அடுத்த வீடு இன்னொரு கிராமத்துல, நடுவுல தெரு லைட்டே கிடையாது, பஸ்ஸு எப்பவோ ஒண்ணு வரும், சாயங்காலத்துக்கு மேல அதுவும் இல்ல. கார் இல்லன்னா இந்த வேலையே இல்ல. புது கார் லோன்ல எடுக்கலாம் தான், ஆனா வந்து கொஞ்ச காலமே ஆனவங்களுக்கு இங்க லோன் வரலாறுன்னு ஒண்ணு இருக்காது, அதனால வட்டி எகிறும், இன்சூரன்ஸும் புதுசா லைசன்ஸ் எடுத்தவங்களுக்கு தீட்டிடுவான். நம்ம ஊரு லைசன்ஸ வச்சு இங்க 12 மாசம் தான் ஓட்டலாம், அதுக்கப்புறம் இவங்க டெஸ்ட்ல பாஸாகணும், அது உங்களுக்கு ஏற்கனவே சொன்ன கதை. வீட்டு லோனுக்கு மாசா மாசம் அனுப்புறது போக கையில நிக்கிறதுக்கு 950 பவுண்டு கார் தான் கட்டுச்சு. 2008 மாடல், 1.2 பெட்ரோல், மீட்டர்ல 98,000 மைல், நம்ம கணக்குல ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல.

கண்ண மூடிட்டு வாங்கலங்க. இங்க எம்ஓடின்னு ஒண்ணு இருக்கு, உங்க டாக்ஸிக்கு நீங்க எஃப்சி காட்டுறீங்கல்ல அந்த மாதிரி, ஆனா சொந்த வண்டிக்கும் மூணு வருஷம் ஆயிட்டா வருஷா வருஷம் காட்டணும். 1960லேருந்து இருக்கு. பிரேக்கு, டயரு, சஸ்பென்ஷன், லைட்டு, புகை, அடியில துரு எல்லாம் பாப்பாங்க. இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் என்னன்னா, எந்த காரா இருந்தாலும் நம்பர் பிளேட்ட போட்டா அது எந்த வருஷம் பாஸாச்சு எதுல ஃபெயிலாச்சு அப்ப மீட்டர் எவ்வளவு ஓடியிருந்துச்சு எல்லாம் கவர்மெண்டு சைட்ல ஃப்ரீயா வந்துடும். மீட்டர திருப்பி விட்டு ஏமாத்துற வேலை நடக்காது, நடந்தாலும் அங்கயே காட்டிக்குடுத்துடும். இந்த காரோட ஜாதகத்த முழுசா படிச்சுட்டு தான் போயி பாத்தேன், ஸ்பிரிங்கு ஒண்ணுல துரு, பின்னாடி பிரேக் பைப்புல லேசா துரு, மத்தபடி பெருசா இல்ல. வித்தவரும் ஒண்ணும் மறைக்கல.

இப்ப ரிப்பேர் கதைக்கு வரேன். சேலத்துல ஒரு வண்டி நின்னுச்சுன்னா பார்ட்ஸு தான் காசு, கூலி கம்மி. உங்க பட்டறைக்காரர் டைனமோல கார்பன் பிரஷ் மட்டும் மாத்தி திரும்பவும் ஓட விட்டுடுவாரு. இங்க அப்படியே தலைகீழ். பார்ட்ஸு ஆன்லைன்ல சல்லிசா கெடைக்கும், கூலி மணிக்கு எழுபது எண்பது பவுண்டு, பிரஷ் மாத்துறதுக்கு எவனும் உக்கார மாட்டான், மொத்தமா கழட்டி புதுசு போட்டுடுவான். முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் பிரேக் பேடும் டிஸ்க்கும் மாத்த ஒரு கேரேஜ்ல 240 பவுண்டு கேட்டாங்க. அதே சாமான் எனக்கு எழுபதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. மிச்சம் ஆயா கண்ணு ஆபரேஷனுக்கு அனுப்பினதுல சேந்திருக்கு, ஆயாகிட்ட சொல்லாதீங்க.

எப்படி பண்ணேன்னு கேப்பீங்க. பக்கத்து வீட்டு தாத்தா ஜாக்கி, ஸ்டாண்டு, டார்க் ஸ்பானரு எல்லாம் குடுத்தாரு. நீங்க கட்டை குடுக்குற எடத்துல இங்க இரும்பு ஸ்டாண்டு, ஜாக்கிய மட்டும் நம்பி எவனும் கைய உள்ள விட மாட்டான். சக்கரத்த கழட்டி, பேட டிஸ்க் மேல அமுக்குற காலிப்பர் பின்னாடி இருக்குற ரெண்டு போல்ட்ல கீழ உள்ளத கழட்டினா காலிப்பர் மேல தூக்கிக்கும், பேடு உருவிடலாம், இது கேக்க சுலபம். இங்க குளிர்காலத்துல ஐஸு கட்டாம இருக்க ரோடு முழுக்க உப்பு போடுறாங்க சித்தப்பா, நெசமாவே லாரில வந்து உப்பு கொட்டுவாங்க. அந்த உப்பு அடியில போயி எல்லாத்தயும் தின்னுடுது. போல்ட்டு அசையல. எண்ணெய் அடிச்சுட்டு, சுத்தியலால நாலு தட்டு தட்டிட்டு, டீ குடிச்சுட்டு வந்து, ஸ்பானர்ல ஒரு பைப்ப மாட்டி நீட்டி அமுக்கினதும் ஒரு கிரீச்சு, அது போல்ட்டு வந்த சத்தமா ஒடஞ்ச சத்தமான்னு ஒரு நிமிஷம் தெரியல. வந்துருச்சு. காலிப்பர் நகுறுற பின்னு ரெண்டும் துருவுல ஒட்டிட்டு இருந்துச்சு, அதான் உள்பக்க பேடு தகடா தேஞ்சு வெளிப்பக்க பேடு பாதி அப்படியே இருந்துருக்கு. பின்ன கம்பி பிரஷ்ல தேச்சு புது கிரீஸு வச்சேன். பேடு மட்டும் மாத்திட்டு பின்ன விட்டிருந்தா புது பேடும் ஆறு மாசத்துல அதே கதி தான். பிஸ்டன கிளாம்ப் வச்சு மெதுவா உள்ள தள்ளி எல்லாம் மாட்டிட்டு, வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி பெடல பம்ப் பண்ணேன், மொத அமுக்குல கால் தரைக்கு போச்சு, மூணாவதுல கெட்டியா வந்துச்சு. இத பண்ணாம ரிவர்ஸ் எடுத்து கேட்ட இடிச்சவங்க இங்க நெறைய பேராம், தாத்தா சொன்னாரு.

அதுக்கப்புறம் நீங்க சொல்லிக்குடுத்ததுதான், அடிவாரத்துலேருந்து ஏற்காடு போறப்ப "எந்த கியர்ல ஏறுறியோ அதே கியர்ல எறங்கு"ன்னு இருபது கொண்டை ஊசிக்கும் சொல்லிட்டே வருவீங்கல்ல, இங்க சின்ன சின்ன மேடு தான், ஆனா எறக்கத்துல ரெண்டாவது கியர்ல விட்டு எறங்குற ஒரே ஆளு இந்த ரோட்ல நான் தான்னு நெனைக்கிறேன். பின்னாடி வர்றவங்க பொறுமையா தான் வராங்க, ஹாரன் அடிக்கிற பழக்கம் இல்ல.

அடுத்தது அந்த ஒதறல். நவம்பர்ல மேட்டுல ஏறும்போது இன்ஜின் இழுக்காம ஒதறும், இன்ஜின் லைட்டு மினுக்கும்னு சொன்னேன்ல. நீங்க உடனே "ஒரு சிலிண்டர் அடிக்கல, ஒண்ணொண்ணா வயர புடுங்கி பாரு"ன்னீங்க. அம்பாசடர் டீசல்ல நீங்க இன்ஜெக்டர் பைப் நட்ட ஒண்ணொண்ணா லூஸ் பண்ணி, எத லூஸ் பண்ணா சத்தம் மாறலயோ அதான் செத்த சிலிண்டர்னு கண்டுபுடிப்பீங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா இதுல அப்படி பண்ணக்கூடாதுங்க. ஓடுற பெட்ரோல் இன்ஜின்ல பிளக்குக்கு கரண்ட் குடுக்குற காயில புடுங்கினா எரியாத பெட்ரோல் நேரா சைலன்சர் பக்கம் புகைய சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்டுக்குள்ள போயி அது சூடாகி கெட்டுடும், ஷாக்கும் அடிக்கும். அதனால பதினஞ்சு பவுண்டு குடுத்து ஒரு கோட் ரீடர் வாங்கினேன், ஸ்டியரிங் கீழ ஒரு சாக்கெட்டு இருக்கும், அதுல குத்தினா என்ன கோளாறுன்னு ஒரு நம்பர் ஃபோன்ல வரும். பி0303ன்னு வந்துச்சு, மூணாவது சிலிண்டர்னு அர்த்தம். ஆனா காயில் போச்சா, பிளக் போச்சா, இன்ஜெக்டர் போச்சான்னு அது சொல்லாது. எல்லாரும் இங்க தான் பயந்து எல்லாத்தயும் வாங்கி மாத்தி காச கரைக்கிறாங்க. நான் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு மூணாவது காயில கழட்டி ஒண்ணாவதுல மாட்டிட்டு ஒண்ணாவதோடத மூணாவதுல மாட்டினேன், பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒண்ணு போதும். கோட அழிச்சுட்டு அதே மேட்டுல ஏத்தினேன். இப்ப பி0301. கோளாறு காயிலோடவே நகந்து வந்துருச்சு, அப்ப காயில் தான. பதினெட்டு பவுண்டு, முடிஞ்சுது. உங்க வழி தான் இதுவும், ஸ்பானருக்கு பதிலா ஃபோனு, அவ்வளவுதான்.

எல்லாத்தயும் நானே பண்றேன்னு நெனச்சு சித்தி பயப்பட வேணாம். முன்னாடி ஸ்பிரிங் ஒடஞ்சப்ப கேரேஜ்ல தான் விட்டேன், அத அமுக்கி புடிக்கிற கருவி நழுவுச்சுன்னா மூஞ்சியே போயிடும். ஏர்பேக் பக்கமும் போக மாட்டேன். குளிர்ல ஜல்லி மேல மல்லாக்க படுத்துட்டு, வெரல் மரத்துப்போயி, கீழ விழுந்த நட்ட தேடுறது இருக்கே, அத பத்தி எழுத வேணாம்னு பாக்குறேன்.

அந்த தாத்தாவ பத்தி ஒண்ணு சொல்லணும். அவரு சின்ன வயசுல ஆக்ஸ்ஃபோர்டுல கௌலிங்கற எடத்துல கார் ஃபேக்டரில வேலை பாத்தவரு, அங்க இப்ப மினி கார் செய்றாங்க. உங்க அம்பாசடர் ஃபோட்டோவ காட்டினேன், நீங்க ஆயுத பூஜைக்கு வாழைக்கன்னு கட்டி நிறுத்தியிருந்தீங்கல்ல அது. பாத்ததும் "இது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு ஆச்சே"ன்னுட்டாரு. நெசம் தான், மூணாவது சீரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு டிசைன தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல அம்பாசடரா 2014 வரைக்கும் போட்டாங்க. இங்க அம்பது வருஷம் முன்னாடியே ரோட்ல காணாம போன வண்டி இன்னும் மலையேறி சவாரி போகுதுன்னா நம்பவே மாட்டேங்கிறாரு. அடுத்த தடவ ஏற்காடு போறப்ப ஓடுற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, இன்ஜின் சத்தம் கேக்குற மாதிரி.

மார்ச்ல எம்ஓடி வருது, கட்டணம் 54.85 பவுண்டுக்கு மேல வாங்கக்கூடாது, அது எடுத்து வச்சுட்டேன். டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டர் இருக்கணும், இருபது பென்னி காச பட்டனுக்குள்ள சொருகினா அதோட வெளி விளிம்பு மறையணும், மறையுது. நம்பர் பிளேட் பல்பு எரியல, அதுக்கும் ஃபெயில் பண்ணுவாங்க, மாத்திடுறேன். அடியில கதவுக்கு கீழ இருக்குற பகுதிய திருப்புளி கைப்பிடியால தட்டி பாத்துட்டேன், எங்கயும் பொத்து போன சத்தம் வரல. அங்க துரு தின்னுருந்தா வெல்டிங் தான், அந்த செலவுக்கு வண்டிய எடைக்கு போட்டுடலாம்.

இப்ப உங்ககிட்ட கேக்க வேண்டியது. மூணாவது கியர்ல மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டர அமுக்கினா இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுது, வேகம் ஏற மாட்டேங்குது. கிளட்ச் பிளேட்டு தான? எம்ஓடில கிளட்ச பாக்க மாட்டாங்க, பாஸாயிடும், ஆனா மாத்தணும்னா கியர்பாக்ஸ எறக்கணும், கூலி சேந்தா வண்டி வெலையில பாதி ஆயிடும், அத ஜல்லி மேல படுத்துட்டு நான் பண்ணவும் முடியாது. கேபிள் அட்ஜஸ்ட்மெண்ட் எதாச்சும் இருந்து அதனால பிளேட்டு முழுசா ஒட்டாம இருக்குமா, இல்ல தேஞ்சது தேஞ்சது தானா? தேஞ்சிருந்தா எப்படி ஓட்டினா கோடை வரைக்கும் தள்ளலாம்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, என் காலை ஒம்போது மணி உங்களுக்கு மத்தியானம் ரெண்டரை, சாப்ட்டு படுத்துடாதீங்க, நான் கார்லயே உக்காந்து கூப்பிடுறேன், ஹேண்ட் பிரேக்க போட்டு மூணாவது கியர்ல கிளட்ச மெதுவா விடுறேன், இன்ஜின் ஆஃப் ஆகுதா இல்லயான்னு நீங்களே கேட்டு சொல்லுங்க. பட்டறைக்காரரும் பக்கத்துல இருந்தா நல்லது.

சித்திகிட்ட மாங்காய் ஊறுகாய் போதும்னு சொல்லுங்க, தட்டுவடை மட்டும் யாராச்சும் வந்தா குடுத்து விடுங்க, கார சட்னி நானே அரைச்சுக்குறேன்.

உங்க பாப்பா