கொடி நாள் உண்டியலும் கேம் ஆடும் பிள்ளைகளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வழக்கமாக இந்தக் கடிதத்தில் அரையாண்டுத் தேர்வு அட்டவணை இருக்கும், சீருடை பற்றிய என் புலம்பல் இருக்கும். இந்த முறை அவை இரண்டும் தனித் தாளில் வருகின்றன. இந்தக் கடிதம் முழுக்க கேம் பற்றியது. மொபைலைத் தூக்கி எறிய வேண்டும் என்று நினைப்பவர்களும் கொஞ்சம் பொறுத்துக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர், நாலு பையன்களும் ஒரு பெண்ணும், மதிய இடைவேளையில் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு, கடைசியில் அந்தப் பெண்தான் வாயைத் திறந்தாள். "சார், இந்த வருஷம் கொடி நாளுக்கு நாங்க கேம் ஆடிப் பணம் சேர்க்கட்டுமா?" படைவீரர்கள், முன்னாள் படைவீரர்கள், அவர்கள் குடும்பங்களின் நலனுக்காக நாம் உண்டியல் வைத்துப் பணம் திரட்டும் அதே கொடி நாள்தான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆகஸ்டில் ஓர் அம்மா இதே அறையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். குழுக் கடன் தவணைக்கு வைத்திருந்த 3,400 ரூபாயை மகன் கேமில் டைமண்ட் (கேமுக்குள் செலவழிக்கும் நாணயம்) வாங்கியே கரைத்திருந்தான். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால் "போய்ப் படிங்கடா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பையன் மடித்த தாளை நீட்டினான். அமெரிக்காவில் கேம் ஆடுகிறவர்கள் ஒன்றுசேர்ந்து பட்டாளத்துக்காரர்களுக்கு உதவுகிறார்கள் என்று நாலு வரி எழுதியிருந்தது. நான் நம்பவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். பிள்ளைகள் சொன்னது சரிதான். படிக்கப் படிக்க, அவர்கள் எழுதி வந்தது கொஞ்சம்தான் என்றும் தெரிந்தது.

ஸ்டீபன் மச்சூகா என்று ஒருவர், அமெரிக்கத் தரைப்படையில் கேப்டனாக இருந்தவர், ஈராக்கில் பணியாற்றியவர். 2010-இல் அவர் ஆபரேஷன் சப்ளை டிராப் என்ற அமைப்பைத் தொடங்கினார். வேலை எளிது. வெளிநாட்டு முகாம்களில் இருக்கும் வீரர்களுக்கு கேம் கன்சோல் (டிவியில் இணைத்து கேம் ஆடும் கருவி), கன்ட்ரோலர், கேம் டிஸ்க் எல்லாம் பெட்டியில் கட்டி அனுப்புவது. போர்முனை என்றால் எந்நேரமும் சண்டை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் வேலூர்ப் பக்கம் பட்டாளத்து வீடுகளுக்குப் பஞ்சமில்லை, அங்கே கேட்டுப் பாருங்கள். பெரும்பகுதி காத்திருப்புதான். காவல் முடிந்து கூடாரத்துக்கு வந்தால் அடுத்த காவல் வரை என்ன செய்வது? நம் ஆட்கள் சீட்டு ஆடினார்கள், கேரம் ஆடினார்கள். அவர்கள் ஊர்ப் பையன்கள் வீடியோ கேமோடு வளர்ந்தவர்கள், அதைக் கேட்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

பெட்டிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்ட இடம். ஊரில் இருக்கும் கேம் ஆட்டக்காரர்கள் ஒரு நாளைக் குறித்து, 24 மணி நேரம் விடாமல் ஆடுவார்கள். அதை இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள். பார்க்கிறவர்களும் உறவினர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். நம் ஊரில் ஒருவர் நாள் முழுக்க இறங்காமல் சைக்கிள் ஓட்டுவார், சுற்றி நிற்கிறவர்கள் சட்டையில் ரூபாய் நோட்டு குத்துவார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஏறக்குறைய அதேதான். மைதானம் மட்டும் மாறியிருக்கிறது.

2015-இல் மச்சூகா அங்கிருந்து விலகி ஸ்டாக் அப் என்று இன்னொன்றைத் தொடங்கினார். பெட்டி அனுப்புவது தொடர்ந்தது. அதோடு, பட்டாளத்திலிருந்து திரும்பி மனம் உடைந்து கிடப்பவர்களிடம் பேசுவதற்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் டிஸ்கார்டில் இருக்கிறார்கள். டிஸ்கார்டு என்பது கேம் ஆடுகிறவர்கள் கூடிப் பேசும் செயலி, உங்கள் பிள்ளையின் போனிலும் இருக்கலாம். போரிலிருந்து வந்தவருக்குப் போர் விளையாட்டா என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இதைத் தொடங்கியவரே போரிலிருந்து வந்தவர். அவருக்கு இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒரு பஸ் கதை. நான் கணக்கு வாத்தியார் என்பதால் இதில் கொஞ்ச நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெசர்ட் பஸ் என்று ஒரு கேம். அமெரிக்காவில் டூசான் என்ற ஊரிலிருந்து லாஸ் வேகாஸ் வரை பாலைவன ரோட்டில் பஸ் ஓட்ட வேண்டும். வேகம் மணிக்கு 45 மைல், அதற்கு மேல் போகாது. நிஜத்தில் ஆவது போலவே எட்டு மணி நேரம் ஆகும். வளைவு கிடையாது, எதிரே வண்டி கிடையாது, ஏற ஆள் கிடையாது. சரி, ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தூங்கலாம் என்றால் பஸ் மெதுவாக வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ரோட்டை விட்டு இறங்கினால் அதைக் கட்டி இழுத்து மறுபடி டூசானுக்கே கொண்டுபோவார்கள், அதற்கும் அதே நேரம் பிடிக்கும். ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்தால் கிடைப்பது ஒரு புள்ளி. ஒன்றே ஒன்று. நம் கணக்கில், சென்னையிலிருந்து மதுரைக்குப் பகல் பஸ்ஸில் ஜன்னலோரம் கூட இல்லாமல் போவதுபோல. கேலிக்காகவே உருவாக்கி, கடைக்கு வராமலே போன கேம் அது.

கனடாவில் விக்டோரியா நகரத்துச் சிரிப்பு நாடகக் குழு ஒன்று 2007-இல் இந்தக் கேமைக் கையில் எடுத்தது. நீங்கள் காசு கொடுக்கக் கொடுக்க நாங்கள் ஓட்டிக்கொண்டே இருக்கிறோம் என்று சவால் விட்டார்கள். முதல் மணி நேரத்துக்கு ஒரு டாலர். அடுத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் முந்தையதைவிட 7 சதவீதம் கூடுதல். எட்டாம் வகுப்பில் நாம் நடத்துகிற கூட்டு வட்டியேதான். முதல் நாள் 24 மணி நேரத்துக்கும் சேர்த்து வெறும் 58 டாலர் வந்தால் போதும். ஆனால் நூறாவது மணி நேரத்துக்கு மட்டும் 811 டாலர் தேவை, அதுவரை கூட்டினால் 12,380 டாலருக்கு மேல். அந்த முதல் வருஷமே நான்கு நாளுக்கு மேல் ஓட்டி, 22,000 டாலருக்கு மேல் சேர்த்துவிட்டார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் ஓட்டுகிறார்கள். இதுவரை சேர்ந்த தொகை ஒரு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நான் முப்பது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்கப் பார்த்த பாடத்தை ஒரு சோம்பேறி பஸ் புரியவைத்திருக்கிறது.

அந்தப் பணம் போகிற இடம் சைல்ட்ஸ் பிளே என்ற அறக்கட்டளை. மருத்துவமனைகளில் மாதக்கணக்கில் படுத்திருக்கும் குழந்தைகளுக்குப் பொம்மையும் கேமும் வாங்கிக் கொடுப்பார்கள். 2003-இல் சியாட்டிலில் மைக் கிரஹூலிக், ஜெர்ரி ஹோல்கின்ஸ் என்ற இரண்டு படக்கதைக்காரர்கள் தொடங்கியது. கேம் ஆடுகிறவர்கள் எல்லாம் வன்முறைக்காரர்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். பதிலுக்குச் சண்டை போடாமல், உள்ளூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பொம்மை வாங்கித் தாருங்கள் என்று தங்கள் வாசகர்களைக் கேட்டார்கள். வந்து குவிந்துவிட்டது.

இனி நான் உங்களை எச்சரிக்க வேண்டிய பகுதி.

எல்லாமே இப்படி ஆட்டக்காரர்களாகச் சேர்ந்து செய்வதில்லை. கேம் கம்பெனிகளும் செய்கின்றன. 2022 மார்ச் 20 முதல் ஏப்ரல் 3 வரை ஃபோர்ட்நைட் கேமில் வந்த வருமானத்தை உக்ரைன் மக்களின் நிவாரணத்துக்குக் கொடுத்தார்கள், 14.4 கோடி டாலர். 2018-இல் ஓவர்வாட்ச் கேமில் ஒரு கதாபாத்திரத்துக்கு இளஞ்சிவப்பு உடை விற்று, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 1.27 கோடி டாலர் கொடுத்தார்கள். நல்ல காரியங்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதில் பிள்ளை செய்வது ஒரு பொருளை வாங்குவது. வாங்கும் பழக்கத்துக்கும் கொடுக்கும் பழக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். 2009-இல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் ஆட்டக்காரரின் கூடவே வரும் ஒரு குட்டி பாண்டா துறவியை விற்றபோது, விலையில் பாதி நோயுற்ற குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் அறக்கட்டளைக்கு என்று முன்கூட்டியே சொன்னார்கள். எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதி வரை என்று வாய்விட்டுச் சொல்லாத எதற்கும் பிள்ளை கையில் காசு கொடுக்காதீர்கள்.

நம் நாட்டிலும் இது இருக்கிறது. யூடியூபில் பிரபலமான கேரிமினாட்டி என்ற பையனை உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இப்போதுதான் தெரியும். 2018 கேரள வெள்ளத்துக்கும், 2019 புல்வாமா தாக்குதலில் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கும் நேரலை நடத்திப் பணம் திரட்டியிருக்கிறார். ஆனால் இதே பாணியில் பொய்க் கணக்கு காட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. கியூஆர் கோடு யாருடையது என்று தெரியாமல் பத்து ரூபாய் கூடப் போட வேண்டாம். போட்டு ஏமாந்தது தெரிந்தால் பிள்ளையை அடித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

சரி, நம் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொன்னேன்? கொடி நாள் 1949-இல் தொடங்கியது. வருஷா வருஷம் டிசம்பர் 7 வந்தால் நாம் உண்டியலைக் கொடுக்கிறோம். பிள்ளைகள் உங்களிடம் பத்தும் இருபதும் வாங்கிப் போட்டு, சட்டையில் கொடியைக் குத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. வந்து கேட்ட ஐந்து பேருக்குத் தெரிந்திருந்தது. அவர்களில் ஒருவனின் அப்பா லடாக்கில் இருக்கிறார். சிக்னல் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகனும் போனில் லூடோ ஆடுவார்களாம். "பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது சார், ஆனா ஆடிக்கிட்டே இருப்போம்" என்றான். அதற்குப் பிறகு என்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

அதனால் அனுமதி கொடுத்திருக்கிறேன், என் நிபந்தனைகளோடு. கொடி நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை, நம் கணினி அறையில். 24 மணி நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பள்ளிக்குள் துப்பாக்கி கேமும் வேண்டாம் என்றேன், முகம் சுருங்கியது, பரவாயில்லை. கேரம், செஸ், லூடோ, கணினியில் ஒரு கால்பந்து கேம். முறை வைத்து மாறி மாறி ஆடுவார்கள். நேரலை கிடையாது, எந்தப் பிள்ளையின் முகமும் இணையத்தில் போகாது.

பஸ் கணக்கைப் பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். முதல் அரை மணி நேரத்துக்குப் பத்து ரூபாய், அடுத்தடுத்த அரை மணிக்கு 7 சதவீதம் கூடுதல். மொத்தம் பதினொரு அரை மணி. நாள் முழுவதற்கும் ஆதரவு தர விரும்பும் ஒருவர் கொடுக்க வேண்டியது 157 ரூபாய் 84 காசு. பதினாறு காசை விட்டுக்கொடுத்து 158 ஆக்கிக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. முடியாதவர்கள் முதல் அரை மணியின் பத்து ரூபாயோடு நிறுத்திக்கொள்ளலாம், எதுவுமே தராமல் வந்து பார்க்கவும் செய்யலாம். யாரிடமும் வற்புறுத்திக் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் எனக்குத் தெரிவியுங்கள்.

ஜிபே, போன்பே எதுவும் கிடையாது. பணம் முத்திரையிட்ட கொடி நாள் உண்டியலில் மட்டும் விழும். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் முன்னிலையில் அன்று மாலையே பிரித்து எண்ணுவோம். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கட்டிய ரசீதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. கூடவே வரும் ஒப்புதல் சீட்டைக் கையெழுத்திட்டு நவம்பர் 28-க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கையெழுத்திடும் முன், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் அல்லது அவள் ஆடும் கேமை ஒரு பத்து நிமிஷம் பாருங்கள். கூட ஆடுவது யார், எந்த ஊர், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். திட்டுவதைப் பதினோராவது நிமிஷத்தில் வைத்துக்கொள்ளலாம்.

லடாக்கில் இருக்கும் அந்த அப்பா பிற்பகல் 2 மணிக்கு ஒரு லூடோ ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சிக்னல் கிடைத்தால்தான். அந்த ஆட்டத்துக்கு எதிரணியில் நான் உட்காருகிறேன்.

இன்னொன்று: பள்ளியின் இரண்டு கேரம் போர்டிலும் ஸ்ட்ரைக்கர் இல்லை, பவுடரும் தீர்ந்துவிட்டது. வீட்டில் இருந்தால் அன்றைக்கு மட்டும் கொடுத்துதவுங்கள், பெயர் எழுதி அனுப்பினால் திருப்பித் தந்துவிடுகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்