பேப்பர் லைனுக்கு ஒரு நோட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசலில் நாளிதழ் விழாத நாளில் வாசகரின் கோபம் முழுவதும் பேப்பர் போடுபவர் மீதே பாய்கிறது. சென்னையில் நீண்ட காலம் நாளிதழ் முகவராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த வீட்டுக்கு எந்த நாளிதழ் என்ற கணக்கு அவர் ஒருவருடைய நினைவில் மட்டுமே இருப்பதுதான் உண்மையான குறை. அவர் காய்ச்சலில் படுத்தாலோ ஊருக்குப் போனாலோ, மாற்று ஆளாக வருபவர் கையில் இருப்பது கதவு எண்களைக் கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டுதான். அதனால் ஒவ்வொரு லைனுக்கும், அதாவது ஒருவர் பேப்பர் போடும் பாதைக்கும், எந்த வீட்டுக்கு எது என்று எழுதிய ஒரு நோட்டு வேண்டும்.

சென்னையில் அந்த எண்களையும் நம்ப முடியாது. மாநகராட்சி புதிய கதவு எண்களைக் கொடுத்த பிறகும் பழைய எண்கள் புழக்கத்தில் இருப்பதால், ஒரு வீட்டின் பழைய எண்ணே அதே தெருவில் வேறொரு வீட்டின் புதிய எண்ணாக இருக்கிறது. சீட்டில் வெறுமனே 14 என்று எழுதியிருந்தால் புதியவர் எந்த 14-இல் போடுவார்?

எண்ணிக் கொடுத்த பேப்பர் கட்டில் கடைசியில் ஒரு பிரதி மிஞ்சினால் எங்கோ விட்டுப்போனது தெரிந்துவிடும். ஒன்று குறைந்தால் எங்கோ கூடுதலாக விழுந்திருக்கிறது. ஆனால் ஒரு வீட்டை விட்டுவிட்டு இன்னொரு வீட்டில் இரண்டு போட்டிருந்தால், கட்டு சரியாகத் தீர்ந்துவிடும். வாசகர் தொலைபேசியில் கேட்கும்வரை பிழை வெளியே தெரியாது. ஆகவே கடைசியில் எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது. லைனின் நடுவே இரண்டு மூன்று இடங்களில், 'இந்தத் தெருமுனைக்கு வரும்போது கையில் இத்தனை இருக்க வேண்டும்' என்று நோட்டில் குறித்துவைத்தால், தவறு பெரும்பாலும் நடந்த இடத்துக்கு அருகிலேயே பிடிபடும்.

அந்த நோட்டைப் பெயர் வரிசையில் எழுதாமல் சைக்கிள் போகும் வரிசையில் எழுத வேண்டும். தபால்காரர்கள் கிளம்பும் முன்பே கடிதங்களைத் தாம் நடக்கும் வரிசையில் அடுக்கிக்கொள்வதும் இதற்காகத்தான். பழைய எண், புதிய எண் இரண்டோடும் பச்சை கேட், வேப்பமரம் என்று ஓர் அடையாளமும் சேர வேண்டும். இரண்டு லைன்கள் சந்திக்கும் முனை வீடு யாருடையது என்பதை இரு நோட்டுகளிலும் எழுதாவிட்டால், அங்கே இருவரும் போடுவார்கள், அல்லது இருவருமே போடமாட்டார்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'நாளையிலிருந்து பத்து நாள் வேண்டாம்' என்று விடியற்காலையில், நகர்ந்துகொண்டிருக்கும் சைக்கிளைப் பார்த்துச் சொல்லாதீர்கள். முந்தைய நாள் மாலைக்குள் முகவரின் கைப்பேசிக்கு எழுதி அனுப்புங்கள். நிறுத்தும் தேதியோடு மீண்டும் தொடங்கும் தேதியும் அதில் இருக்கட்டும், ஏனெனில் பெரும்பாலும் மறந்துபோவது இரண்டாவதுதான். முகவரை மாற்றுவோர் பழையவரிடமும் சொல்லிவிட வேண்டும். சொல்லாத வீடுகளில்தான் மாதத் தொடக்கத்தில் இரண்டு பேப்பர் விழுகிறது. வீடு வீடாகப் பால் பாக்கெட் போடுவோருக்கும் இவை பொருந்தும். அவர்கள் வீட்டு எண்ணோடு நீலமா பச்சையா என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இத்தகைய நோட்டைத் தங்கள் நிர்வாகமே அச்சிட்டு முகவர்களுக்கு வழங்கினால் செலவு அதிகமாகாது. தவறிப் போட்ட பிரதியின் விலையை, படித்துக்கொண்டே விடியற்காலையில் வேலைக்கு வரும் மாணவரின் சம்பளத்தில் பிடிக்கும் முகவர்களும் இருக்கிறார்கள். சரியான நோட்டைக் கையில் கொடுக்காமல் அவ்வாறு பிடிப்பதை நிர்வாகம் அனுமதிக்கக் கூடாது.

இப்படிக்கு,
முன்னாள் நாளிதழ் முகவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.